கதை எழுதச் சொல்லிக்கொடுக்கப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த பருவத்தில் படைப்பிலக்கியத் தாள் உனக்குத்தான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார், சிறுகதை எழுதுவதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியுமா அண்ணா, எனக்கே நம்பிக்கை இல்லையே என்று கேட்டிருந்தாய். போனில் "முடியும்டா, தைரியமா எடு" என்றேன். அதற்கு மேல் அப்போது பேச நேரமில்லை. உன்னைப்போல இந்தத் தாள் தலையில் வந்து விழுந்த ஆசிரியர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உத்திகள், முறைகள் என்று எதையும் அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். ஜான் கார்ட்னர். அமெரிக்க நாவலாசிரியர், 1933இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியாவில் பிறந்தவர், 1982 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது 49 வயது. நாவலாசிரியராக அவருக்குப் பெயரும் விருதும் கிடைத்தன. ஆனால் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அவருடைய நாவல்கள் வழியாக இல்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன், பல வருஷம் கழித்து, வாத்தியார் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய புத்தகம் ஒன்றுக்கு முன்னுரை எழுதினான். அந்த மாணவன் பின்னால் பெயர்பெற்ற அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளரான ரேமண்ட் கார்வர். அந்த முன்னுரையை எத்தனையோ பேருக்கு வற்புறுத்திப் படிக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போது உன் முறை.

கார்வரின் கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன, நீ படித்திருப்பாய். ஆனால் அவர் கல்லூரிக்குள் எப்படி நுழைந்தார் என்பதைத் தெரிந்துகொள், உன் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே தெரிந்துகொள். அப்பா மரமறுக்கும் ஆலைத் தொழிலாளி. குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை, நம் ஊர்க் கணக்கில் முதல் தலைமுறைப் பட்டதாரி. 19 வயதில் கல்யாணம், 20 வயதில் இரண்டு பிள்ளைகள். 1958 ஆகஸ்டில், வேலை பார்த்த மருந்துக்கடை முதலாளியிடம் கடன் வாங்கிய 125 டாலரை வைத்துக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடும்பத்தோடு வந்து, மாதம் 25 டாலர் வாடகையில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்துத் தங்கி, பக்கத்திலிருந்த சீக்கோ ஸ்டேட் காலேஜில் சேர்கிறார். எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் பெரிதாக இருக்கிறது. எழுத்தாளர் என்று ஒருவரையும் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

அங்கே 'புனைவு எழுத்து' வகுப்பை எடுக்க வந்த புது ஆசிரியர்தான் கார்ட்னர். அவருக்கும் இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான், உன்னைவிடச் சின்னவர். அயோவாவில் முனைவர் பட்டம் முடித்து வந்தவர். ஒரு நாவல்கூட அச்சில் வந்திருக்கவில்லை, முதல் நாவல் வர 1966 ஆனது. இதை நீ கவனிக்க வேண்டும், "நானே பெரிய எழுத்தாளன் இல்லையே, எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது" என்றாய் அல்லவா? அவரும் அப்போது பெயர் தெரியாத ஆள்தான். ஒட்ட வெட்டிய தலைமுடி, கறுப்பு கோட்டு, டை, பாதிரியார் மாதிரியோ அமெரிக்க மத்தியத் துப்பறியும் துறையான எஃப்.பி.ஐ. ஆள் மாதிரியோ இருப்பாராம். வகுப்புக்குள்ளேயே சிகரெட் பிடிப்பார், வேறு ஆசிரியர் புகார் சொன்னால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடர்ந்து பிடிப்பார். இதெல்லாம் வெளித்தோற்றம், விடு.

முக்கியம் அவர் வேலை வாங்கிய விதம். சிறுகதை எழுதுகிறவன் பருவம் முழுக்க ஒரே ஒரு கதை எழுதினால் போதும், பத்துப் பதினைந்து பக்கம். நாவல் என்றால் ஓர் அத்தியாயமும் மீதிக்கு ஒரு சுருக்கமும். ஆனால் அந்த ஒரு கதையைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். தேவைப்பட்டால் பத்துத் தடவைகூட. எழுதியதைத் திரும்பப் பார்த்துப் பார்த்துத்தான் ஒருவனுக்குத் தான் சொல்ல வந்தது என்ன என்பதே பிடிபடும் என்பது அவருடைய நம்பிக்கை. நம் பாடத்திட்டத்தில் அலகு ஒன்றுக்குக் கவிதை, அலகு இரண்டுக்குச் சிறுகதை, மூன்றுக்கு நாடகம் என்று போட்டு ஒவ்வொன்றிலும் ஒன்று எழுதிக் கொடு, அகமதிப்பீட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போ என்கிறோமே, அதற்கு நேர் எதிர். நீ பாடத்திட்டத்தை மாற்ற முடியாது, தெரியும். ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதில் உன் கை கொஞ்சம் இருக்கிறது. முதல் பிரதிக்கு மதிப்பெண் போடாதே. மூன்றாவது பிரதிக்குப் போடு.

அப்புறம் அவர் கைப்பிரதியைத் திருத்திய விதம். இதைத்தான் நான் உனக்கு விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

மாணவன் கொடுத்த கதையை எடுத்து அவர் வரிவரியாகப் போவார். சில வாக்கியங்களை, சில சொற்களை, சில இடங்களில் நிறுத்தக்குறியைக்கூட அடித்துவிடுவார். அப்படி அடித்தவை அடித்தவைதான், அதில் பேச்சுக்கு இடமில்லை. வேறு சிலவற்றைச் சுற்றி அடைப்புக்குறி போடுவார். அவை பேசித் தீர்க்க வேண்டியவை, மாணவன் தன் பக்க நியாயத்தைச் சொல்லலாம், அவர் ஒத்துக்கொள்ளவும் செய்யலாம். சில இடங்களில் தானே ஒரு சொல்லையோ நாலைந்து சொற்களையோ சேர்த்து எழுதுவார், அதைச் சேர்த்ததும் மாணவன் சொல்ல நினைத்தது தெளிந்துவிடும். ஓரத்தில் எங்காவது 'நல்லா இருக்கு' என்று ஒரு சொல் இருந்தால் மனசு துள்ளும் என்கிறார் கார்வர். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கதையிலிருந்த காற்புள்ளிகளைப் பற்றி, அந்த நேரத்தில் உலகத்தில் அதைவிட முக்கியமானது எதுவுமே இல்லை என்பதுபோலப் பேசுவாராம்.

யோசித்துப் பார். இருபது வயதுப் பையன், வீட்டில் கைக்குழந்தை, வாடகைப் பாக்கி, அவன் எழுதிய ஒரு காற்புள்ளியைப் படித்த மனிதர் ஒருவர் இவ்வளவு பொருட்படுத்துகிறார். அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யார் அவனுடைய எதையாவது இவ்வளவு பொருட்படுத்தியிருப்பார்கள்? நம்மிடம் வருகிற பிள்ளைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருப்பார்கள், சிவப்பு மையில் ஒரு 'சரி' குறியும் ஒரு கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். அவர்கள் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பற்றி யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நீ கேட்டதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. கற்பனையை யாரும் யாருக்கும் ஊட்ட முடியாது. ஆனால் தான் எழுதிய வாக்கியத்துக்குத் தானே பொறுப்பு என்ற உணர்வை ஊட்ட முடியும், அதை ஊட்ட ஒரே வழி அந்த வாக்கியத்தை நீ முதலில் பொருட்படுத்துவதுதான்.

அடுத்து ஒரு சாவி விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அந்த வீட்டில் கார்வரால் எழுத முடியவில்லை என்று கார்ட்னருக்குத் தெரியும். கல்லூரியில் தன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். சனி, ஞாயிறுகளில் கார்வர் அங்கே போய் உட்கார்ந்து எழுதுவார். அறையில் தரையெல்லாம் அட்டைப்பெட்டிகள், எல்லாம் கார்ட்னரின் அச்சேறாத கைப்பிரதிகள். ஒரு பெட்டிமேல் பென்சிலால் 'நிக்கல் மவுண்டன்' என்று எழுதியிருந்தது கார்வருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. அந்த நாவல் புத்தகமாக வந்தது 1973இல்! அத்தனை வருஷம் காத்திருக்கப்போகிற பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் கார்வர் தன் முதல் உருப்படியான முயற்சிகளைச் செய்திருக்கிறார். சும்மா இருக்கவில்லை, பெட்டிகளைத் திறந்து வாத்தியாரின் தலைப்புகளைக் கொஞ்சம் மாற்றித் தன் கதைகளுக்கு வைத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டியிருக்கிறார். எது செய்யலாம் எது செய்யக்கூடாது என்று கார்ட்னர் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சாவியைத் திரும்ப வாங்கியதாக எங்கேயும் இல்லை.

அந்தச் சாவி தன் வாழ்க்கையின் திருப்பம் என்று பின்னால் கார்வர் எழுதினார். எனக்கு அதைவிட அந்தப் பெட்டிகள் முக்கியமாகப் படுகின்றன. எழுத்து என்பது இப்படித்தான், எழுதி எழுதி அடுக்கி வைத்துவிட்டு மறுபடி எழுதுவதுதான் என்பதை எந்தப் பாடமும் இவ்வளவு நேரடியாகக் காட்டியிருக்காது. உன் நிராகரிக்கப்பட்ட கதைகள் இருக்கின்றனவே, எனக்கு மட்டும் அனுப்புவாய், அவற்றை மாணவர்களுக்குக் காட்டு. அடித்தல் திருத்தலோடு காட்டு.

வேறு என்ன செய்தார்? ஒரு பெட்டி நிறையச் சிற்றிதழ்களை வகுப்புக்குத் தூக்கி வந்து, நாட்டின் நல்ல கதையும் கவிதையும் இவற்றில்தான் வருகின்றன என்று சொல்லிக் கையில் கொடுத்தார். கார்வருக்கு அப்படி இதழ்கள் இருப்பதே அன்றுதான் தெரியும். அதே காலத்தில் இங்கே சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி, பிறகு புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உன் துறை நூலகத்தில் சிற்றிதழ்கள் எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன என்று முதல் வாரமே பார். இன்னொன்று, நீண்டு சுழலும் வாக்கியங்கள் எழுதிய நாவலாசிரியர் ஃபாக்னரைக் கிடைத்ததையெல்லாம் படி, பிறகு உடம்பிலிருந்து ஃபாக்னரைக் கழுவ, சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதிய ஹெமிங்வேயைப் படி என்று கார்வரிடம் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு நீ எந்த இரண்டு பேரைச் சொல்வாய் என்று எனக்கு எழுது, எனக்குத் தோன்றுவதை நான் இப்போது சொல்ல மாட்டேன்.

கார்ட்னர் ஏன் இதையெல்லாம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்று நான் யோசித்ததுண்டு. 1945இல், 11 வயதில், பண்ணையில் அவர் ஓட்டிப்போன டிராக்டரின் பின்னால் இழுத்த கருவியில் தம்பி விழுந்து இறந்துபோனான். அந்தக் குற்ற உணர்வு கடைசிவரை அவரை விடவில்லை, 1977இல் அதை ஒரு கதையாகவும் எழுதினார். கதை என்பது வாசகனின் மனசில் அறுபடாமல் ஓடும் ஒரு கனவு, எழுத்தாளனின் கவனக்குறைவு அதைக் கலைத்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. புனைவின் அறம் பற்றி 1978இல் அவர் எழுதிய புத்தகத்தில் சக எழுத்தாளர்கள் பலரைத் தாக்கியிருக்கிறார், அதில் பாதிக்கு மேல் நான் ஒத்துப்போக மாட்டேன். ஆனால் விளையாட்டாக எழுதாதே என்று மாணவனிடம் சொல்லும் தகுதி அந்த மனிதருக்கு இருந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பென்சில் உன் கைக்கு வருகிறது. கார்வருக்குப் பின்னால் கார்டன் லிஷ் என்று ஒரு பதிப்பாசிரியர் அமைந்தார். கெட்டிக்காரர், கார்வரைப் பெரிய உலகத்துக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 1981இல் வந்த தொகுப்பில் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார், முடிவுகளை மாற்றினார். 1980 ஜூலையில் கார்வர், தயவுசெய்து புத்தகத்தை நிறுத்துங்கள் என்று கெஞ்சி ஒரு கடிதம் எழுதினார். நிற்கவில்லை. அதில் ஒரு கதை, பிறந்தநாளன்று கார் மோதி மயக்கத்தில் கிடக்கும் சிறுவனைப் பற்றியது. லிஷ் கைபட்ட வடிவம் ஒரு தொலைபேசி அழைப்போடு திடுக்கென்று அறுந்து நிற்கும். கார்வர் எழுதியது அதையும் தாண்டிப் போகிறது, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ராத்திரியில் கோபத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள், பேக்கரிக்காரர் அவர்களை உட்காரவைத்துச் சூடான ரொட்டி கொடுக்கிறார். 1983 தொகுப்பில் கார்வர் அந்த முழு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். வெட்டிய வடிவமே மேல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரொட்டியின் பக்கம்.

இருவர் கையிலும் இருந்தது ஒரே பென்சில்தான். கார்ட்னரும் ஈவு இரக்கமில்லாமல் அடித்தவர்தான். ஆனால் அவர் அடித்தது, மாணவன் எதிரில் உட்கார்ந்திருக்க, அடுத்த பிரதியை அவனே எழுதுவதற்காக. அடைப்புக்குறியைக் கைவிடாதே தம்பி. 'இதைப் பேசுவோம்' என்று ஒரு குறி உன் திருத்தத்தில் எப்போதும் இருக்கட்டும். அவர்கள் கதை உன் கதை மாதிரி ஆகிவிட்டால் அது உன் தோல்வி.

1980இல் கார்வரே சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் ஆனார். மெதுவாகப் பேசுகிறவர், கூச்ச சுபாவம், கார்ட்னர் மாதிரி வகுப்பைக் கட்டி ஆளத் தெரியாது. ஆனால் கதையைக் கையில் எடுத்தால் அதே மாதிரி வரிவரியாகத்தான் போவார் என்று அவருடைய மாணவர் ஜே மெக்இனர்னி எழுதியிருக்கிறார். நீயும் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. அதனால் இதை உனக்குச் சொல்கிறேன்.

அறுபது பேர் வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று கேட்பாய். எல்லோருக்கும் பத்துப் பிரதி பார்க்க உன்னால் முடியாது, முயலவும் வேண்டாம், உடம்பு கெட்டுப்போகும். ஆளுக்கு ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கத்தை, ஒருமுறையாவது, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார். அதில் நாலைந்து பேர் மறுபடி வருவார்கள், கூப்பிடாமலே வருவார்கள். அவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் உட்கார ஓர் இடம் வேண்டும். விடுதியிலும் வீட்டிலும் எழுத இடமில்லாத பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். துறை நூலக அறையைத் திறந்து வைக்க அனுமதி கேள், துறைத்தலைவர் தயங்கினால் எழுத்தில் கேள்.

கார்வரின் அந்த முன்னுரையைப் புகைப்படம் எடுத்து இன்றிரவு அனுப்புகிறேன். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகள் எழுதியதில் இரண்டு கைப்பிரதி கொண்டு வா, நீ போட்ட திருத்தத்தோடு. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்