மாடு எந்திரிக்கிறத ஒரு தடவ பாத்துட்டு படம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, கிராமத்துல இருந்துகிட்டு ஆடு மாடு கோழின்னு விலங்குகள மட்டுமே வரையிற ஓவியர்களப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம பொழப்பும் பேப்பர்ல வருதேன்னு சந்தோஷமாத்தான் படிக்க உக்காந்தேன், ஆனா கட்டுரைக்கு மேல அரைப்பக்கத்துக்கு ஒரு மாடு படம் போட்டிருந்தீங்களே, அதத் தாண்டி என்னால உள்ள போகவே முடியல. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போயிருச்சு, எடமில்லன்னா வெட்டிக்கங்க, மாட்டுக் கால் பத்தி வர்ற பாகத்த மட்டும் விட்டுருங்க.

படத்துல மாடு படுத்த எடத்துல இருந்து எந்திரிக்குது. முன்னங்கால் ரெண்டையும் நல்லா ஊனி நெஞ்ச நிமித்தியாச்சு, பின்பக்கம் இன்னும் தரையிலயே கெடக்கு, நாய் உக்காருமே அந்த மாதிரி. எங்கம்மாகிட்ட காட்டுனேன், அவங்களுக்கு ஓவியத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது, மூணு செகண்டு பாத்துட்டு "ஏன், இந்த மாட்டுக்கு இடுப்பு விழுந்துருச்சா"ன்னு கேட்டாங்க.

மாடு எந்திரிக்கிறது அப்படியே நேர்மாறுங்க. மொதல்ல தலையையும் கழுத்தையும் முன்னால ஒரு வீசு வீசும், எடை பூரா முன்னாடி போயிரும், முன்னங்கால் மடங்குனபடியே அதுல முட்டி போட்டுகிட்டு பின்பக்கத்தத் தூக்கிரும், பின்னங்கால் ரெண்டும் நின்னதுக்கப்புறம்தான் முன்னங்கால் ஒண்ணு ஒண்ணா நிமிரும். முன்பக்கம் மொதல்ல எந்திரிக்கிறது குதிரை. மாடு குதிரை மாதிரி எந்திரிச்சா தல வீச எடம் பத்தல, இல்ல காலுலயோ இடுப்புலயோ வலி இருக்குன்னு பாக்கணும். அதாவது நீங்க போட்டது ஒரு சீக்காளி மாடு. போதாததுக்கு வாயத் தொறந்து மேல்வரிசை முன்பல்லு வேற காட்டுது, மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது, அங்க கெட்டியான ஈறு மட்டும்தான். அந்தப் படம் கையால போட்டதோ கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்ததோ எதுவா இருந்தாலும், பக்கத்துல ஒரு மாட்டுக்காரங்க இருந்திருந்தா அச்சுக்கே போயிருக்காது.

சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. அச்சுல ஏறுன தப்பு லேசுல எறங்காது. 1515ல டியூரர்னு ஜெர்மன்காரர் ஒரு காண்டாமிருகம் படம் போட்டாரு. இங்க குஜராத்துல இருந்து கப்பல்ல லிஸ்பனுக்குப் போன மிருகம் அது. அவரு அத நேர்ல பாக்கவே இல்ல, யாரோ எழுதுன லெட்டரயும் ஒரு ஸ்கெட்சயும் வெச்சுகிட்டே மரக்கட்டை அச்சுக்குப் படம் வரைஞ்சுட்டாரு. ஒடம்பு பூரா இரும்புச் சட்ட போட்ட மாதிரி தகடு தகடா, கழுத்துக்குப் பின்னால முதுகுல கூடுதலா ஒரு குட்டிக் கொம்பு. படமா பாத்தா அட்டகாசம்தான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த இல்லாத கொம்ப இருநூறு வருஷத்துக்கு மேல புஸ்தகத்துக்குப் புஸ்தகம் காப்பி அடிச்சாங்க. இதே நம்ம பக்கம் ஜஹாங்கீர் தர்பார்ல இருந்த மன்சூர் வரைஞ்சதுன்னு சொல்ற டோடோ பறவைய எடுத்துக்கங்க, உயிரோட இருந்ததப் பாத்து வரைஞ்சது, பறவை அழிஞ்சுபோயி முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியும் டோடோ எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க ஆராய்ச்சிக்காரங்க அந்தப் படத்தத் தேடிப் போறாங்க. பாத்து வரைஞ்சதுக்கும் கேட்டு வரைஞ்சதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டுரையில "அமைதியான சூழலில் விலங்குகளோடு விலங்காய் அமர்ந்து தீட்டுகிறார்கள்"னு ஒரு வரி வந்துச்சு, படிச்சுட்டு கொஞ்ச நேரம் சிரிச்சேன். அமைதியா? விடியறதுக்கு முன்னாடி சாணி அள்ளணும், பால் கறக்கணும், ஆட்டுக்குத் தழை கட்டணும், கோழியத் தொறந்து விடணும், அதுக்கு நடுவுல கெடைக்கிற பத்து நிமிஷம்தான் நம்ம ஸ்டூடியோ. ஒரு கையில கரி, ஒரு கையில சாணி, ரெண்டும் கடைசியில பேப்பர்லதான் ஒட்டும். ஸ்கெட்ச் புக்க கீழ வெச்சுட்டு தண்ணி ஊத்தப் போனா ஆடு வந்து தின்னுரும். அதுவும் அன்னிக்கு மூணு நாளா போராடி வரைஞ்ச அதோட மூஞ்சியத்தான் தின்னுச்சு, விமர்சனம்னு எடுத்துகிட்டேன்.

விலங்கு போஸ் குடுக்காதுங்க. அதனால ஒரு பேப்பர்ல ஒரு படம்னு நான் ஆரம்பிக்கிறதே இல்ல, ஒரு பக்கத்துல ஏழெட்டு ஆரம்பிப்பேன். தல திருப்புச்சா, அத விட்டுட்டு பக்கத்துல புதுசு. வால ஆட்டுச்சா, இன்னொண்ணு. பதட்டப்படாம இருந்தா அது திரும்ப அந்த மொத பொசிஷனுக்கே வரும், நம்ம எல்லாரையும் போலத்தான், அதுக்கும் உக்கார்ற விதம் ஒரு நாலஞ்சுதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஏழுல ரெண்டாச்சும் முடிஞ்சிரும்.

எங்க செவலை அசை போடுறப்ப வரைய உக்காந்தா எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். கீழ்த்தாடை ஒரு பக்கமா அரைச்சுகிட்டே போகும், மேல கீழ போற நம்ம வாய் மாதிரி இல்ல. அம்பது அறுவது தடவ மெல்லும், அப்புறம் டக்குன்னு நிப்பாட்டும், முழுங்கும், ஒரு ரெண்டு மூச்சு சும்மா இருக்கும், அப்ப கழுத்துல இடது பக்கமாப் பாத்தீங்கன்னா தோலுக்கு அடியில ஒரு உருண்டை கீழ இருந்து சர்ருன்னு ஏறி வாய்க்குள்ள போகும், மறுபடி அரைப்பு. அந்த ரெண்டு மூச்சு இடைவெளியில தாடை, கன்னம், காது எதுவுமே அசையாது. மூஞ்சிய வரையணும்னா அப்பத்தான். இத யாரும் சொல்லிக் குடுக்கல, ரெண்டு வருஷம் தப்பான நேரத்துல பென்சில வெச்சுகிட்டு முழிச்சதுல தெரிஞ்சது.

கோழியும் அப்படித்தான், நடக்கறப்ப தலைய வெட்டி வெட்டி ஆட்டுதுன்னு நெனைக்கிறோம், உண்மையில தலைய முன்னால தள்ளி அங்கயே நிப்பாட்டிருது, ஒடம்பு பின்னால இருந்து வந்து சேருற வரைக்கும் தல அந்தரத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். தலைய மொதல்ல புடிச்சிட்டா ஒடம்ப அப்புறம் மெதுவாப் போட்டுக்கலாம்.

ஆட்டுக்கண்ணுல ரொம்ப நாள் ஏமாந்தேன். கண்ணுப் பாப்பா படுக்கவாட்டுல ஒரு கோடு மாதிரி இருக்கும்ல, தலைய குனிஞ்சு மேயுற மாதிரி வரையிறப்ப தல சாஞ்ச அளவுக்கு அந்தக் கோட்டையும் சாய்ச்சுப் போட்டேன், படம் ஏனோ செத்த ஆடு மாதிரியே இருக்கு. போய் தரையில படுத்துகிட்டுப் பாத்தா, தல எவ்வளவு குனிஞ்சாலும் கண்ணு குழிக்குள்ளயே சுத்தி அந்தக் கோடு தரைக்கு நேராவே நிக்குது. 2015ல இத ஆராய்ச்சியாவே பண்ணிருக்காங்க, கண்ணு அம்பது டிகிரிக்கு மேல சுத்துதாம். நான் டிகிரிலாம் அளக்கல, ரப்பர் தேஞ்சதுதான் என்னோட அளவு.

சோதனைன்னு கட்டுரையில ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க, அதுலதான் சொல்றதுக்கு நெறையா இருக்கு. வெள்ளாட்டு முடிய நூல்ல கட்டி பிரஷ் பண்ணுனேன், தண்ணிய நல்லாக் குடிக்குது, பெருசா ஈரக்கலர் இழுக்க அருமை, ஆனா துவண்டு போயிருது, கோடு வராது. மாட்டு வால் முடி தொடப்பம் மாதிரி. கடைசியில மாட்டுக் காதுக்குள்ள இருக்கிற முடிதான் பிரஷ்ஷுக்குன்னே இருக்கிற சரக்குன்னு தெரிஞ்சுது, அதுலயும் நுனிய வெட்டிறக்கூடாது, இயற்கையா மெலிஞ்சு வர்ற நுனிதான் கூர்மை குடுக்கும், வெட்டுறதா இருந்தா அடிப்பக்கம்தான். கரிக்கு, குச்சிய தகர டப்பாவுல அடைச்சு மூடியில சின்ன ஓட்டை போட்டு நெருப்புக்குள்ள வெச்சுருவேன், ஓட்டையில பொகை நின்னா ரெடி. ஆனா ஆறுறதுக்கு முன்னாடி ஆசப்பட்டுத் தொறந்தா காத்துப் பட்டு எல்லாம் சாம்பல், ரெண்டு தடவ அப்படிப் போச்சு. மஞ்சக் கரைச்சு ஒரு கோழிக்குஞ்சு படம் போட்டு ஜன்னல் பக்கம் மாட்டுனேன், குஞ்சு கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து ஒரு மாசத்துல காணாமப் போயிருச்சு, அதுக்குக் கீழ செம்மண்ணுல போட்ட தரை மட்டும் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு, இத வெளிய சொன்னா சிரிப்பாங்க. ராத்திரி வெளக்க அணைச்சுட்டு இடது கைய செவலையோட தோள்பட்டை மேல வெச்சுகிட்டு வலது கையால இருட்டுலயே வரைஞ்சேன். எனக்கு முன்னங்கால் எப்பவும் தப்பாவே வரும், ஒடம்புல ஆணி அடிச்சு மாட்டுன மாதிரி விறைப்பா. அன்னிக்கு அவ ஒரு அடி முன்னால வெச்சா, என் கைக்குக் கீழ தோள்பட்டை எலும்பு தோலுக்குள்ளயே வழுக்கிகிட்டுப் போகுது, மேல ஏறி எறங்குது. மாட்டுக்கு நமக்குக் கழுத்துக்குக் கீழ இருக்கிற மாதிரி காறை எலும்பு கெடையாது, முன்னங்காலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவுல எலும்போட எலும்பு சேர்ற மூட்டே இல்ல, வெறும் சதையில ஒடம்பு தொட்டில் மாதிரி தொங்குது. வெளிச்சத்துல பாத்தப்ப அந்தப் பேப்பர்ல மாடுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, ஒரே கிறுக்கல், ஆனா அதுக்கப்புறம் வரைஞ்ச மாடெல்லாம் நடக்க ஆரம்பிச்சிருச்சு. குதிரை ஒடம்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஸ்டப்ஸ்னு ஒரு ஓவியர் ஒரு பண்ணை வீட்டுல பதினெட்டு மாசம் செத்த குதிரைகள அறுத்து அறுத்து வரைஞ்சு 1766ல புஸ்தகமாப் போட்டாரு. அந்த நாத்தத்துக்கு எனக்குத் தெம்பு இல்ல, நமக்குத் தொட்டுப் பாக்குறதே போதும்.

நடைன்னதும் ஞாபகம் வருது. நாலுகால் பிராணி மெதுவா நடக்கறப்ப இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால், இதுதான் வரிசை. 2012ல ஹங்கேரி ஆராய்ச்சிக்காரங்க ஆயிரம் ஓவியம் சிலைகள்ல இந்தக் கால் வரிசைய சரி பாத்தாங்க. மைபிரிட்ஜ்ங்கிற போட்டோக்காரர் ஓடுற குதிரைய வரிசையா போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி காலத்து ஓவியர்கள் 83.5 சதவீதம் தப்பு, போட்டோல்லாம் வந்ததுக்கு அப்புறமும் 57.9 சதவீதம் தப்பு, குகையில வரைஞ்ச ஆதிமனுஷங்க 46.2 சதவீதம்தான் தப்பு. கண்ண மூடிகிட்டு கால இஷ்டத்துக்குப் போட்டாலே 73.3தான் வரும்னு அவங்களே கணக்கு போட்டுருக்காங்க, அப்ப போட்டோவுக்கு முந்தின பெரிய பெரிய ஓவியர்கள் அதவிட மோசம். குகைக்காரங்களுக்கு அந்த மிருகம்தான் வயித்துப்பாடு, பாத்துதானே ஆகணும்.

போட்டோவ பாத்து வரையக்கூடாதுன்னு நான் சொல்லல, நானும் போட்டோ பாத்துதான் ஆர்டர் படமெல்லாம் வரையிறேன், சோறு போடுறதே அதான். ஆனா ஒரு தடவ பட்டது போதும். ஒருத்தங்க செத்துப்போன அவங்க நாயோட போட்டோவ போன்ல அனுப்புனாங்க, ரொம்பக் கிட்ட வெச்சு எடுத்தது. நானும் முடி முடியா, மீசைக்கு மழுங்குன ஊசியில பேப்பர்ல அழுத்திக் கோடு போட்டு மேல பென்சில் ஓட்டி, ஒரு வாரம் ஒக்காந்து அச்சு அசலா வரைஞ்சு குடுத்தேன். வாங்கிப் பாத்துட்டு அழுதாங்க, சந்தோஷத்துல இல்ல, "இது அவன் இல்லீங்களே"ன்னாங்க. கேமராவ ரொம்பக் கிட்ட கொண்டு போனா மூக்கு பெருசாகும், காது சிறுசாகும், அந்தப் போட்டோவே அந்த நாய் கெடையாது. அப்புறம் உக்கார வெச்சு கேட்டேன், எப்படி படுப்பான், கூப்பிட்டா எந்தக் காது மொதல்ல திரும்பும், யாரு காலடியில கெடப்பான். ஒரு காது எப்பவும் மடிஞ்சே இருக்கும்னாங்க, போட்டோவுல அது பின்னாடி மறைஞ்சிருந்துச்சு. ரெண்டாவது படத்த வாங்குனவங்க ஒண்ணுமே பேசல, அந்தக் காத விரலால தடவிகிட்டே போனாங்க.

இதெல்லாம் எதுக்கு எழுதுறேன்னா, உங்க பேப்பர்ல வர்ற மாட்டப் பாத்துதான் டவுன்ல இருக்கிற புள்ளைங்க மாடு வரையும், நாளைக்கு அதுங்க வரையிற மாடெல்லாம் இடுப்பு விழுந்து உக்காந்திருக்கும். ஒரு சின்னத் திருத்தம் போடுங்க. இனிமே விலங்கு படம் எதுவா இருந்தாலும் அச்சுக்கு முன்னாடி அத வளக்குற ஒரு ஆளுகிட்ட காட்டுங்க, ஆபீஸ்லயே யாராவது மாடு வெச்சிருந்த வீட்டுல பொறந்தவங்க இருப்பாங்க, மூணு செகண்டு வேலை.

திருத்தத்தோட போட வசதியா செவலை எந்திரிக்கிறத அஞ்சு ஸ்கெட்சா வரைஞ்சு இதோட வெச்சிருக்கேன், காசெல்லாம் வேணாம். மூணாவது, அதான் பின்பக்கம் தூக்குற ஸ்கெட்ச், ஓரம் கிழிஞ்சு கொஞ்சம் ஈரமா இருக்கும், ஆட்டு வேலை, கால் மட்டும் தப்பிச்சிருச்சு.

இப்படிக்கு,
உங்க பேப்பர தெனமும் படிக்கிற ஒரு மாட்டுக்கார ஓவியர்