கேரளத்துக் குட்டநாட்டில் இருக்கும் மகளுக்கு

சுசீந்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டுவலி பழையபடிதான் இருக்கிறது. மேலத்தெரு நிலத்தின் காரியத்தை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். "பிறகு கூப்பிடுகிறேன் அம்மா" என்று சொல்லி நீ போனை வைத்த பின் உன்னிடமிருந்து அழைப்பு வரவில்லை. வேலை நெருக்கடி என்று எனக்குத் தெரியும், ஆகவே அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நீ அங்கே வாத்துகளைக் கொன்று எரிக்கும் பணியில் நிற்கும்போது எனக்கு இங்கே சும்மா இருக்க முடியவில்லை. பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கால்நடை மருத்துவரான உனக்குத் தெரியாததை விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான் சொல்லிவிடப் போவதில்லை. இருந்தாலும் பொறுமையாக வாசி.

நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால் பற்றிக்கொள்வது இந்த நுனியைத்தான், பற்றிய பிறகே செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதற்கான முதல் தடயம் கிடைத்த விதத்தை வாசித்தபோது, மீண்டும் ஒரு வகுப்பறையில் நின்று சொல்லமாட்டோமா என்று இருந்தது. 1941இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் கோழி முட்டையின் கருவில் வைரஸை வளர்த்தபோது, அந்தத் திரவத்தில் தற்செயலாகக் கலந்த சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைக் கண்டார். அந்தக் கலவையை உடல் வெப்பத்தில் வைத்திருந்தால் வைரஸ் தானாகவே கழன்று வந்தது. கழன்ற பிறகு அதே அணுக்களோடு புதிதாக வைரஸைச் சேர்த்தாலும் அவை திரளவில்லை. போகும்போது வைரஸ் தான் ஒட்டியிருந்த இடத்தையே அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. அறுப்பது நியூராமினிடேஸ் என்ற நொதி. செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் அதே சர்க்கரையில் சிக்கிக்கொள்ளாமல் வெளியேறுவதற்கும் அந்த நொதியே வேண்டும். முன்தடுப்பாக உங்களுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை அந்த நொதியைத்தான் முடக்குகிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாயா? வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு விழுங்கு, விட்டுவிடாதே.

பறவைக்கும் மனிதனுக்கும் இடையே இதுவரை நிற்கும் வேலி எவ்வளவு மெல்லியது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. சியாலிக் அமிலம் தனக்கு அடுத்திருக்கும் காலக்டோஸ் சர்க்கரையின் மூன்றாவது கார்பனிலும் இணையலாம், ஆறாவது கார்பனிலும் இணையலாம். வாத்தின் குடலில் இருப்பது மூன்றாம் இணைப்பு. நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றில் மிகுதியாக இருப்பது ஆறாம் இணைப்பு. தோவாளையில் ஒரே பிச்சிப்பூவை நிமிர்த்தியும் சாய்த்தும் கட்டுவார்களே, அந்த அளவுதான் வேறுபாடு. பறவை வைரஸ் நிமிர்ந்த மூன்றாம் இணைப்பைப் பற்றும், மனிதரிடையே பரவும் வைரஸ் சாய்ந்த ஆறாம் இணைப்பைப் பற்றும். இங்கே தேரூர் குளத்துக்குக் குளிர்காலத்தில் நீலச்சிறகிகள் வந்து இறங்கும்போது நாம் வேடிக்கை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். காட்டு வாத்துகளின் குடலில் இந்தக் குடும்பத்து வைரஸ்கள் பெரும்பாலும் நோய் காட்டாமலே பெருகி, எச்சத்தோடு நீரில் கலக்கின்றன. கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில் தாரா வாத்துக் கூட்டத்தை மேயவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. 1968இல் உலகமெங்கும் பரவிய எச்3என்2 வைரஸுக்கு, ஹீமக்ளூட்டினினில் 226, 228 ஆகிய இரண்டே இடங்களில் அமினோ அமிலம் மாறியது மனிதச் சர்க்கரையைப் பற்றப் போதுமானதாக இருந்தது. சாதாரண இன்ஃப்ளூயன்சாவும் பறவைக் காய்ச்சலும் ஒரே உடலில் சந்தித்தால் மரபணுக்களை மாற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே வழக்கமான இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியையும் தள்ளிப்போடாதே.

நம் தொண்டையில் எளிதில் ஒட்டாதே என்று நீ சொல்லலாம். மூக்கின் சளியிலேயே மூன்றாம் இணைப்புச் சர்க்கரைகள் நிறைய இருந்து பறவை வைரஸை வழியிலேயே பிடித்துவைக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் நுரையீரலின் அடியில், காற்றுப்பைகளில், அந்த மூன்றாம் இணைப்பு இருக்கிறது என்று 2006இல் காட்டிவிட்டார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதில் பரவாத இந்த நோய், ஆழமாக மூச்சிழுத்தவரை மட்டும் கடுமையாக வீழ்த்துவதற்கு அது ஒரு காரணம். செத்த வாத்தைச் சாக்கில் போடும்போது பறக்கும் தூவலையும் தூசியையும் நினைத்துப் பார், மக்களே. முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்காதே.

மற்றவர்கள் தயங்கிய கொட்டிலில் நீதான் முதலில் இறங்கினாய் என்று தம்பி சொன்னான். அப்பா அதை வடசேரிச் சந்தை வரை சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பி காட்டிய புகைப்படத்தில் உன் கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது, பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அந்த உடுப்புக்குள் வேர்த்துக் கண்ணாடி மங்கிவிடும் என்பது எனக்குப் புரிகிறது. மங்கினாலும் அதைக் கழற்றக் கூடாது. நம் கண்ணின் மேற்படலத்தில் இருப்பதும் பறவையினுடைய அதே மூன்றாம் இணைப்புதான்.  2003இல் நெதர்லாந்தில் கோழிப்பண்ணைகளில் எச்7என்7 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது தொற்றிய 89 பேரில் பெரும்பாலோருக்கு வந்தது கண் அழற்சி. இறந்தவர் ஒருவர். அவர் கால்நடை மருத்துவர். முன்தடுப்பு மாத்திரை எடுத்திருக்கவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் இடது கண்ணின் ஓரம் சிவந்திருந்தது. விறகுப் புகையாக இருக்கும் என்று தம்பி சொன்னான். அப்பாவும் அதையே சொன்னார், நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். புகையாகவே இருக்கட்டும். இருந்தாலும் சிவப்பு மாறிவிட்டதா, நீர் வடிகிறதா, உறுத்துகிறதா என்று இன்றைக்கே ஒரு வரி அனுப்பு. மாறவில்லை என்றால் டாக்டரிடம் போய், செத்த வாத்துகளைக் கையாண்டதை முதலில் சொல்லி, தொண்டையில் எடுப்பதோடு கண்ணிலும் மாதிரி எடுக்கச் சொல். கண்ணாடியைக் கழற்றாதே.

அன்புடன்,
அம்மா