ஆற்றோரத்து ஆய்வு மையமும் நம் ஊரும்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வலையையும் கடையையும் ஒருநாள் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழுவில் நாம் எடுத்த தீர்மானம் ஒன்றுதான். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து இங்கே தங்கி நம் ஆற்றையும் கழியையும் படித்துப் பட்டம் வாங்கிப் போகிறார்கள். நம் வாசலில் ஓடும் தண்ணீரைப் பற்றி அவர்கள் கண்டுபிடித்தது நமக்குத் தெரிய வேண்டும், நமக்குத் தெரிந்தது அவர்கள் காதுக்கும் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். அதில் எவ்வளவு நடந்தது என்பதைச் சொல்லவே இந்த அறிக்கை.

செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. டிசம்பர் முதல் வாரத்துக்குப் போட்டிருந்த பள்ளி நிகழ்ச்சி மட்டும் ஃபெஞ்சல் புயலாலும் அதைத் தொடர்ந்த வெள்ளத்தாலும் நின்றுபோனது. கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்த நேரம், யாரையும் கூப்பிட மனம் வரவில்லை.

முதல் நிகழ்ச்சி ஜூலை 26, உலக அலையாத்தி நாள். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கு, அதாவது உப்புநீரில் வளரும் கரையோரக் காட்டுக்கு, படகில் போனோம். உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். ஆனாலும் கூட வந்த ஆய்வு மாணவர் ஒரு மரத்தைக் காட்டி அதன் பெயரைச் சொன்னதும் படகே அமைதியாகிவிட்டது. ரைசோபோரா அண்ணாமலையானா. இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த மரம். இந்தக் காட்டில் அதை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் நம் மையத்துப் பேராசிரியர் கதிரேசன். சிறு வயதிலிருந்தே அந்த வாய்க்கால்களில் துடுப்புப் போடும் படகோட்டி அண்ணன், "நம்ம யுனிவர்சிட்டி பேரையா வச்சிருக்காங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது தானே அந்த மரத்தருகில் படகை நிறுத்தினார்.

மீன் முள் போல் கிளை பிரியும் வாய்க்கால்களையும் அன்று பார்த்தோம். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை குழிந்துபோனது. உள்ளே வந்த ஓத நீர், அதாவது கடல் ஏறும்போது வரும் நீர், திரும்ப முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறி, அப்புறம் எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராம மக்களோடு சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழி செய்தார்கள். அதன் பிறகுதான் அங்கே நட்டவை பிழைத்தன. கன்று நட மட்டுமே ஆசைப்படும் நம் இளைஞர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட முடிந்ததில் எனக்கு மிகுந்த திருப்தி. முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் கன்று. 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அது நம் பெருமைதான். ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் பட்டியல் காப்பாற்றாது.

டிசம்பர் 26, சுனாமியின் இருபதாம் ஆண்டு. காலையில், சுனாமி அழித்த மீனவர் குடியிருப்பான எம்.ஜி.ஆர். திட்டில், இறந்தவர்களுக்காக நின்றோம். மாலையில் நம் கூட்டம். அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது, நம் கடற்கரையின் 18 குப்பங்களை வைத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு. கரையிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு காடு, இந்த மூன்றையும் உயிர்ச்சேதத்தோடு ஒப்பிட்டு, அலையாத்தி உயிர்களைக் காத்தது என்று சொன்ன ஆய்வு அது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது.

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, எங்க ஊரு தப்பிச்சது காட்டால இல்ல. நாங்க மேட்டுல இருந்தோம், கரைக்கும் தூரம்" என்றார். சபையில் சிலர் அவரை உட்காரச் சொன்னார்கள். பேச வந்த ஆராய்ச்சி மாணவி வேண்டாம் என்று தடுத்து, "ஐயா கேட்டதைத்தான் வேறு மூன்று விஞ்ஞானிகளும் கேட்டார்கள்" என்றார். அடுத்த ஆண்டே அதே இதழில் அவர்கள் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, தூரமும் மேடும்தான் பெரும்பங்கு, காட்டின் பங்கு மிகக் குறைவு என்று எழுதினார்கள். அதற்கும் மறுப்பு வந்தது, காட்டுக்கும் பங்குண்டு என்று. மாணவி எதையும் மறைக்காமல், கரும்பலகையில் படம் போட்டு, இரண்டு பக்க நியாயத்தையும் விளக்கினார். அந்தப் பெரியவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

அன்று இரவே நம் துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தை மாற்றினோம். "அலையாத்தி சுனாமியைத் தடுக்கும்" என்று அச்சுக்குக் கொடுத்திருந்தோம். அந்த வரியை எடுத்துவிட்டு, காடு சாதாரண அலையின் வேகத்தைக் குறைக்கிறது, கரை மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டிலாக இருக்கிறது என்று எழுதினோம். வீடு கட்டுவதென்றால் கரையை விட்டுத் தள்ளி, மேட்டில் கட்டுங்கள் என்பதையும் சேர்த்தோம். அதைத்தான் 2005 ஆய்வும் சொல்கிறது. பாதி உண்மையைச் சொல்லி மக்களை மரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக நம்பவைப்பது ஆபத்து. அச்சுச் செலவு இரண்டு தரம் ஆனதற்குப் பொருளாளர் வருத்தப்பட்டார். அந்தப் பணம் வீண் போகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். இந்த ஆண்டின் மிகச் சிறந்த நாள் அது. பட்டுத் துணி மாதிரி மெல்லிய சல்லடையில் செய்த கூம்பு வலையை முகத்துவாரத்தில் சிறிது நேரம் இழுத்து, அடியில் சேர்ந்ததைப் புட்டியில் பிடித்தார்கள். பார்க்க அரிசி கழுவிய தண்ணீர்தான். அதில் ஒரு சொட்டை நுண்நோக்கியில் வைத்து வரிசையாகப் பார்க்கச் சொன்னார்கள். மீன் ஏலத்தில் நண்டு எடுத்து விற்கும் அக்கா ஒருவர் குனிந்து பார்த்தார். தலையில் நீண்ட முள்ளும் பெரிய கறுத்த கண்ணுமாக ஏதோ ஒன்று துள்ளியது. "இது என்ன பூச்சி?" என்றார். "பூச்சி இல்லக்கா, நண்டுக் குஞ்சு" என்றதும் அவர் நம்பவே இல்லை. முப்பது வருடம் நண்டு விற்றவர். குஞ்சு என்றால் சின்ன நண்டாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாராம்.

அவர் கேட்ட அடுத்த கேள்வியில் அங்கிருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "சினை முதல்ல மஞ்சளா இருந்து அப்புறம் கறுக்குதே, கறுத்தா ரெண்டு மூணு நாள்ல உதிர்ந்துடும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. ஏன் கறுக்குது?" மாணவர் ஒரு புள்ளி நண்டின் கறுத்த சினையில் ஒரு துளி எடுத்து அதே நுண்நோக்கியில் வைத்தார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். மஞ்சள் கரு குறையக் குறைய, உள்ளே வளரும் குஞ்சின் கண்கள்தான் வெளியே கறுப்பாகத் தெரிகின்றன. மாமியார் சொன்ன கணக்கு சரி, காரணம் இப்போது கிடைத்தது. ஒரு நண்டின் சினையில் லட்சக்கணக்கில் முட்டை என்பதையும் அன்று சொன்னார்கள். கறுப்புச் சினை நண்டு வலையில் உயிரோடு வந்தால் திரும்ப விட்டுவிடச் சொல்லி அந்த அக்கா இப்போது தன் வீட்டு ஆட்களிடம் பேசிவருகிறார். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. நுண்நோக்கியில் அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

பங்குனி ஆமைக்காக, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமைக்காக, மாசி, பங்குனி இரவுகளில் கரை நடந்தோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி எல்லோரையும் உலுக்கியிருந்தது. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர், இழுவை வலையில் மாட்டினால் மூழ்கிப்போகிறது. நம் படகுக்காரர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் இதைப் பேச வேண்டும் என்பதில் சங்கம் கவனமாக இருந்தது. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை, 45 முதல் 60 நாளில் பொரிப்பு, மணல் சூடானால் பெண் குஞ்சு அதிகம் என்பதெல்லாம் இப்போது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கரையோர விளக்கைப் பார்த்துக் குஞ்சுகள் ஊர்ப்பக்கம் திரும்பிவிடுவதால், பருவத்தில் விளக்குகளை மறைக்கக் கேட்டு மனுக் கொடுத்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து இதுவரை பதில் இல்லை. மீண்டும் கொடுப்போம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்துக்கு வெளியூர்ப் பேச்சாளர் வந்து முழுக்க ஆங்கிலப் படங்களை ஓட்டினார். மரபணுவை வைத்து மீன் இனத்தைக் கண்டுபிடிக்கும் அருமையான விஷயம், பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. அது செயலாளராக என் பொறுப்பு. அதிலிருந்து, பேச வருபவர் யாராக இருந்தாலும் முந்தின நாள் ஒரு மீனவரிடமும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமும் பேசிக்காட்ட வேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கிறோம். பலன் நன்றாக இருக்கிறது.

கடைசியாக, பெயர் நோட்டு. கொடுவா, கிழங்கான், மடவை, கல் நண்டு, சிலுவை நண்டு என்று நம் கரையில் புழங்கும் பெயரை ஒருபக்கமும், மையத்து மாணவர்கள் உறுதிசெய்த அறிவியல் பெயரை மறுபக்கமும் எழுதிவருகிறோம். நம் காரப்பொடி தெற்கே காரல் ஆகிறது. நாம் காரப்பொடி என்று ஒரே பெயரில் அழைப்பது அவர்கள் கணக்கில் பல இனம். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிடம் நமக்கே தெரியாத பெயர்கள் இருக்கின்றன. இன்னும் அவர்களிடம் முறையாகப் போய் உட்காரவில்லை. வரும் ஆண்டின் முதல் வேலை அதுவாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அனுபவசாலிகள் கரையில் இருக்கும் நேரம். நோட்டு ஏலக்கூடத்து டீக்கடையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். பெயர் நினைவுக்கு வந்தவர்கள் எழுதுங்கள், எழுத வராதவர்கள் சொல்லுங்கள், கடைத் தம்பி எழுதிக்கொள்வார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்