டோனாவூருக்குத் தாய்ப்பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லைச் சீமை ஊர்ப்பெயர்கள் பற்றி சென்ற வாரம் வந்த கட்டுரையில், டோனாவூரை 'டோனா என்ற வெள்ளைக்கார அம்மாள் பெயரால் அமைந்த ஊர்' என்று போட்டிருந்தீர்கள். களக்காட்டிலும் ஏர்வாடியிலும் இப்படிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே இருந்து பிள்ளைகளை வளர்த்ததால் வந்த குழப்பம் அது. அவர் வந்தது 1901இல். புலியூர்க்குறிச்சி என்ற பழைய பெயர் மாறி டோனாவூர் ஆனது 1838இல் காலமான மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்திலேயே. அங்கே கிறிஸ்தவக் கோயில் கட்டப் பணம் கொடுத்து உதவியவர் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய நாட்டு ஷ்லோடியன் ஊர் டோனா பிரபு. ஐயரும் பிரஷ்யாவில் பிறந்தவர்தான். அந்த நன்றிக்கு வைத்த பெயர் இது.

நான் முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஒரு சொத்து கைக்கு வந்தால் தாய்ப்பத்திரம் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். இந்தப் பெயருக்கும் அப்படித் தேடினேன்.

டோனா என்பது ஆள் பெயரே அல்ல, ஊர்ப்பெயர். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே, மியூக்லிட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். பழைய ஏடுகளில் 'டோனின்' என்று வரும். 12ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க் கோட்டைக்கு அதிபதியாக வந்த ரோத்தா ஊர் ஹைன்ரிக் என்பவரிடம்தான் டோனா பிரபுக் குடும்பத்தின் வம்சாவளி தொடங்குகிறது. சார்லமேன் சக்கரவர்த்தி காலம் வரை கொண்டுபோய் நிறுத்தும் கதையும் ஒன்று உண்டு. அதற்கு ஆவணம் கிடையாது, தள்ளிவிட வேண்டியதுதான்.

அந்தக் கால வம்சத்தைத் தேடுவது கிட்டத்தட்ட நம் வேலை மாதிரியே இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடுகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய காலம் அது. யாரோ மடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்த சாசனத்தின் அடியில் சாட்சியாக ஒரு டோனின் நிற்பார், அவ்வளவுதான் தடயம். நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போல அங்கேயும் ஹைன்ரிக், ஓட்டோ என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எந்த ஹைன்ரிக் என்று பிரிப்பதற்குள் தலை சுற்றிவிடும். அப்போது கைகொடுப்பது மெழுகு முத்திரை. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்த இரண்டு மான்கொம்புகள் இருந்தால் அவர் இந்த வீட்டு ஆள்.

1402இல் மைசன் பிரபுக்களோடு நடந்த சண்டையில் கோட்டையும் ஊரும் கையை விட்டுப் போயின. ஆனால் பெயரை அவர்கள் விடவில்லை. ஸ்டானிஸ்லாஸ் என்ற ஒருவர் 1454 முதல் 1466 வரை நடந்த பதின்மூன்று வருடப் போரில் படைத்தலைவராகப் பிரஷ்யாவுக்குப் போனார். சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்த நிலத்தில் அங்கேயே நிலைத்தார். ஷ்லோடியன் வீடு அந்தக் கிளைதான். அதாவது, சொந்த ஊரை இழந்து நானூறு வருடம் கழித்தும் சுமந்துகொண்டிருந்த ஊர்ப்பெயரைத்தான் அவர்கள் நம் மலையடிவாரத்துக்குத் தந்தார்கள். பூர்வீகத்தில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல் போன பிறகும் ஊர் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிற நம் ஜனங்களுக்கு இது புரியாத விஷயமா? ஷ்லோடியன் மாளிகை இன்று போலந்து எல்லைக்குள் இடிந்து கிடக்கிறது.

டிரெஸ்டனில் வேலை பார்க்கும் என் மகள் போன வருடம் ரயிலேறிப் போய், அந்த ஊர் ஸ்டேஷன் பலகையைப் படம் எடுத்து அனுப்பினாள். 'அப்பா, நம்ம டோனா' என்று எழுதியிருந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், டோனாவூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பத்திரங்களைப் பரணிலிருந்து எடுத்துப் பாருங்கள். புலியூர்க்குறிச்சி, டோனாவூர் என்ற இரண்டு பெயரும் ஒரே பத்திரத்தில் வந்தால் பத்திரிகைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எழுத்து புரியவில்லை என்றால் நான் வந்து படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
களக்காடு.