வலை கட்டினாய், கேட் வாசலை யார் பார்ப்பது?

நாமக்கல்
நவம்பர் 18

அன்புள்ள செல்வராசுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு கொட்டகைக்கும் வலை கட்டியாயிற்று, இனிப் பறவைக் காய்ச்சல் பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். வலை நல்லதுதான். ஒரு அங்குலக் கண் காக்கையையும் மைனாவையும் தடுக்கும். சிட்டுக்குருவிக்கு முக்கால் அங்குலம் வேண்டும். எருக்குவியல் வரைக்கும் வலை இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார். உண்ணிக்கொக்கு புழு பொறுக்க வருவது கூண்டுக்கு அடியில்தான், மேலே அல்ல.

ஆனால் ஒன்று. வலசைப் பறவையும் வாத்தும் கிருமியை ஒரு வட்டாரத்துக்குக் கொண்டுவரும். அங்கிருந்து பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோவது பெரும்பாலும் நாம்தான்: செருப்பு, டயர், முட்டைத் தட்டு. கேரளத்தின் குட்டநாட்டில் 2021-லும் 2024-லும் முதலில் மாட்டியது வாத்து. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் மாட்டியது நம்முடையதைப் போன்ற முட்டைக்கோழிப் பண்ணைகள். நம் முட்டை லாரி கேரள எல்லையான வாளையாறு தாண்டிப் போய்த்தானே திரும்புகிறது?

அதனால் தட்டிலிருந்து ஆரம்பி. காகித அட்டை போனால் போனதுதான், திரும்பி வரக்கூடாது. அதைக் கழுவ முடியாது, ஒட்டிய எச்சம் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் தட்டு என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து அழுக்கைப் போக்க வேண்டும். பிறகு 100 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் பத்து நிமிடம் முக்கி, வெயிலில் காயவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதே. எச்சமும் மண்ணும் இருந்தால் குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிராது. இதையெல்லாம் கேட்டுக்கு வெளியே செய். கொட்டகை வாசலில் தட்டைக் கழுவி, அந்தத் தண்ணீரை உள்ளே ஓடவிடும் பண்ணைகள் உண்டு.

கேட்டில் டயர் நனைய மருந்துத் தொட்டி கட்டப்போவதாகச் சொன்னாய். லாரி டயரின் சுற்றளவு மூன்று மீட்டருக்கு மேல். தொட்டி அதைவிடக் குறைவாக இருந்தால் டயரின் ஒரு பக்கம் நனையாமலே ஏறிவிடும். பன்னிரண்டு அடி நீளம், அரை அடி ஆழம் வை. மேலே கூரை போடு. கூரை இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மருந்து எது, மழைத்தண்ணீர் எது என்று தெரியாது. இன்னும் நல்ல வழி, தீவன வண்டியையும் முட்டை வண்டியையும் உள்ளே விடாமலே இருப்பது. தீவனத்தைக் கேட்டில் இறக்கி உன் டிராக்டரில் எடுத்துப் போ. முட்டை ஓய்ந்த கழிவுக்கோழி எடுக்க வரும் வண்டியை மட்டும் எந்தச் சமாதானம் சொன்னாலும் விடாதே. ஒரே நாளில் நாலு பண்ணைக் கோழி ஏறுகிற கூண்டு அது.

கொட்டகை வாசலில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் நனைத்த சாக்கு போட்டிருப்பாய், எல்லோரும் போடுவதுதான். காலையில் ஊதாவாக இருக்கும். மத்தியானம் போய்ப் பார்த்தால் பழுப்பாகி ஓரமெல்லாம் காய்ந்திருக்கும். பழுப்பாகிவிட்டால் மருந்து செத்துவிட்டது, அப்புறம் அது வெறும் ஈரச்சாக்கு. புதிதாகவே இருந்தாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடமாவது வேண்டும். சாக்கில் யார் அவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? ஒரு மிதி மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதற்குப் பதிலாக வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணை கட்டு. வெளிச்செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அங்கே இருக்கிற பூட்ஸை மாட்ட வேண்டும். கொட்டகைக்கு ஒரு நிறம்: ஒன்றாம் கொட்டகைக்குக் கறுப்பு, இரண்டாவதற்கு வெள்ளை. கறுப்பு பூட்ஸ் இரண்டாவது கொட்டகையில் நடந்தால் தூரத்திலிருந்தே தெரியும். மருந்துத் தொட்டியைவிட இந்தத் திண்ணையைத்தான் நான் நம்புவேன்.

ஊசி போடுகிறவர்களும் மூக்கு வெட்டுகிறவர்களும் பண்ணை பண்ணையாகப் போகிறவர்கள். அவர்களுக்குக் குளிக்க இடமும் மாற்றுத்துணியும் நீயே கொடு. மூக்கு வெட்டும் மெஷினை அவர்கள் கொண்டுவர வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்கிவிடு. வேலையாட்கள் வீட்டில் நாட்டுக்கோழி, வாத்து, புறா எதுவும் இருக்கக்கூடாது. தீபாவளிக்குக் கோழி வளர்ப்பது அவர்களுக்கு வருமானம், வாயால் தடுத்தால் மறைத்து வளர்ப்பார்கள். கூடக் கொஞ்சம் சம்பளமும் வாரம் ஒரு தட்டு முட்டையும் கொடுத்துப் பேசு. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்தால் உன் ஆட்கள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். சில வகைக் கிருமியை வாத்து நோயே காட்டாமல் சுமக்கும்.

தண்ணீருக்குக் குளோரின் போடுகிறாயா என்று நீ எழுதவில்லை. உன் இருபதாயிரம் கோழிக்கு நாளைக்கு ஏறக்குறைய ஐயாயிரம் லிட்டர் ஆகும். நல்ல பிளீச்சிங் பவுடரில் குளோரின் 33 சதவீதம். ஆயிரம் லிட்டருக்குப் பத்து கிராம் போட்டால் மூன்று பி.பி.எம். வரும், அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. பவுடரை நேரே தொட்டியில் கொட்டாதே, அடியில் தங்கும் சுண்ணாம்பு, கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளை அடைக்கும். முதல்நாள் ராத்திரி வாளியில் கரைத்து, காலையில் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திற. கடைசி நிப்பிளில் இரண்டு பி.பி.எம். நிற்கிறதா என்று சோதித்துப் பார். நம் போர்வெல் தண்ணீர் காரம், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு எட்டைத் தாண்டினால் குளோரின் பாதிகூட வேலை செய்யாது. ஆசிடிஃபையர் என்ற அமில மருந்து போட்டு ஏழுக்குக் கீழே கொண்டுவா. ஆனால் அதையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலந்துவிடாதே, குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்புமருந்தைத் தண்ணீரில் கொடுக்கிற நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் குளோரினை நிறுத்து, இல்லாவிட்டால் அது தொட்டியிலேயே செத்துப்போகும்.

தடுப்பூசி ஏன் போடக்கூடாது என்று கேட்டிருந்தாய். பறவைக் காய்ச்சலில் நம் நாட்டில் தடுப்பூசிக்கு அனுமதி இருப்பது எச்9என்2 என்ற வகைக்கு மட்டும். முட்டை குறைகிற அந்த லேசான வகைக்கான ஊசி, கோழியைக் கொல்கிற எச்5என்1 வகையைத் தடுக்காது. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதே. பிரான்சு 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்கு எச்5 தடுப்பூசி போடுகிறது, கூடவே விடாமல் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. அந்தச் சோதனை இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் கோழி சாகாது, கிருமி மட்டும் சத்தமில்லாமல் சுற்றும்.

இனி, வந்தால் எப்படித் தெரியும்? கொண்டை நீலம் பாரித்து வீங்கும், கால் செதிலில் ரத்தப்புள்ளி தெரியும், ஓடில்லாத தோல்முட்டை விழும். சில சமயம் எதுவுமே தெரியாமல் தொப்பென்று சாகும். வெள்ளைக்கழிச்சலும் இதே மாதிரி இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் வகுத்த அளவுகோல் இது: தீவனமும் தண்ணீரும் 20 சதவீதத்துக்கு மேல் குறைவது, முட்டை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது, வாரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் சாவு. மூன்றாவதற்காகக் காத்திருக்காதே, உன் கணக்கில் அது அறுநூறு கோழி. கூண்டில் நோய் பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கிப் பக்கத்துக் கூண்டுகளுக்கு நகரும். அதனால் கொட்டகை வரைபடத்தை அட்டையில் ஒட்டி, செத்த கூண்டில் தேதியோடு புள்ளி வைக்கச் சொல். நாலு புள்ளி பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்.

சந்தேகம் வந்த கோழியைப் பண்ணையிலேயே அறுத்துப் பார்க்காதே. ரத்தமும் குடலும்தான் கிருமி மூட்டை. மாதிரியைக் கால்நடைத் துறையினர் எடுத்து ஐஸ் பெட்டியில் போபால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை ஒரு முட்டையும் ஒரு எருவண்டியும் வெளியே போகக்கூடாது. செத்த கோழியை எடுத்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் கோழிப்பண்ணை ஆள் என்று சொல்லியே மருத்துவரிடம் அனுப்பு. உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரம் வரை கோழியை அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். சேதி வந்ததும் முட்டை விலை சரியும் என்று பயந்து பலர் மூடி மறைக்கிறார்கள். இழப்பீடு அரசு அழிக்கிற கோழிக்குத்தான், அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. மறைக்கிற ஒவ்வொரு நாளும் உன் கைக்காசு.

குழிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறாயா? இரண்டு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழி சுமார் 1800 கோழிக்குப் போதும். உனக்குப் பன்னிரண்டு வேண்டும், போர்வெல்லிலிருந்து தள்ளி. அந்தப் பாறைக்காட்டில் அவ்வளவு ஆழம் இறங்குமா என்று இப்போதே ஒரு ஜேசிபி விட்டுப் பார்.

கேட்டிலிருந்து கொட்டகை வரை எந்த வண்டி எங்கே நிற்கிறது, தட்டு எங்கே இறங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. திண்ணையை எங்கே கட்டலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பு