அண்ணா, அந்த றிசீற்றை மடித்து வையுங்கோ

அன்புள்ள அண்ணா,

வாற ஞாயிறு பூசை முடிய கனடாவுக்கு இன்னொரு அகதிக் குடும்பத்தைக் கூப்பிட நாங்கள் திரும்பவும் ஸ்பொன்சர் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம். குழுவில் உங்கள் பெயர் இல்லை. ஆரும் இதற்குள் சொல்லியிருப்பார்கள், என் வாயாலும் கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பங்குச் சனமும் வாசிக்கும் என்பதால் போனமுறை நாங்கள் கூப்பிட்ட குடும்பத்தின் பெயரோ நாடோ இதில் வராது.

அவர்கள் ஏன் வேறு நகரத்துக்குப் போனார்கள் என்பதை இனி விவாதிக்க வேண்டாம். எனக்கு அந்தச் சமையலறைதான் மனதில் நிற்கிறது. அவர்களின் நீளமான கடை றிசீற்றில் வரிவரியாக விரலை ஓட்டி, ஏலக்காய்ப் பைக்கற்றில் நிறுத்தினீர்கள். “இது தேவையோ எண்டு கேள்” என்று அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொன்னீர்கள். அவள் தகப்பனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி வைக்கப் போனார். நீங்கள் கேட்டதை அவள் சொல்லவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. அந்தத் தேத்தண்ணியில் அதே ஏலக்காய்தான் கிடந்தது. நீங்களும் குடித்தீர்கள்.

உங்களை முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது உண்டியலில் விழுந்த காசு, கணக்கு உங்கள் பொறுப்பு, பனிக்குள் கட்டில் சுமந்ததும் நீங்கள்தான். ஆனால் ஒரு வருட ஆதரவு என்பது ஒரு வருடக் காவல் ஆகிவிடக்கூடாதே! அரசு கேட்டால் காட்டவேண்டியது நாங்கள் காசு கொடுத்ததற்கான ஆதாரம். வாடகைச் சிட்டையும் வங்கிக் கூற்றும் அதற்குப் போதும். ஏலக்காய்க்கு ஒருவரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

இந்தமுறை செய்யப்போவதைச் சொல்கிறேன். முதல் கிழமையிலேயே சமூகக் காப்புறுதி எண், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு. கணக்கு குடும்பத்தின் பெயரில், எங்கள் ஆள் ஒருவரும் அதில் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காசு அதற்குள் போகும். சாமான் பை கட்டிக்கொண்டு போவது முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். பிறகு பஸ் எடுத்துக் கடையைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பிள்ளைகளுக்கான அரசுக் கொடுப்பனவு வரக் கிழமைக்கணக்காகும், வந்தாலும் அது அவர்களுடையது, எங்கள் பங்கில் கழிக்கக்கூடாது. விமானச் செலவு அவர்கள் தலையில் கடனாக இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கவேண்டும். ஒரு வருடம் கழித்து முதல் பில் வந்து நிற்கும்போதுதான் பல குடும்பங்கள் திகைக்கின்றன. வீட்டுத் திறப்பின் மறுபிரதி எங்களிடம் இருக்காது. பங்கு மடலுக்குப் படமும் இல்லை. காசு, நோய் வருத்தம் பற்றிய கதைக்குப் பிள்ளையை மொழிபெயர்க்க விடவே கூடாது.

“நன்றி கெட்டதுகள்” என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அது இன்னும் எரிகிறது. விமான நிலையத்தில் இறங்கும்போதே அவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை. விரும்பிய ஊரில் இருக்கலாம். வேதாகமத்தில், மம்ரேயில் தன்னிடம் வந்த விருந்தினருக்கு ஆபிரகாம் மூன்று மரக்கால் மாவில் அப்பமும் இளங்கன்றும் கொடுத்தார், அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் நின்றார், பிறகு கூட நடந்துபோய் வழியனுப்பினார். எங்கள் குழுவில் வழியனுப்ப ஒருவரும் போகவில்லை. நானுந்தான்.

எங்களுக்கு ஆர் வாடகை கட்டினது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் சனத்தில் பலர் இப்படி ஸ்பொன்சரில் வரவில்லை, தாங்களாக வந்து அகதி கோரினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் கிடந்த 155 தமிழரைக் கண்டு தூக்கியது கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன். அவர் ஒரு கடுதாசியும் கேட்கவில்லை. அதே வருடம், அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சன் பதக்கம் கனடிய மக்களுக்குக் கிடைத்தது. அதன் பின்னால் இருந்தது 1979இல் மெனோனைற் என்ற கிறிஸ்தவ சபையார் அகதிகளை ஸ்பொன்சர் செய்ய அரசோடு முதலில் போட்ட ஒப்பந்தம், பிறகு கோயில் கோயிலாக இந்தோசீன அகதிகளை ஏற்ற சனம். அந்தச் சனமும் உங்களைப்போல் றிசீற் பார்த்திருக்கும், அது வேறு கதை.

2024 நவம்பர் கடைசியில் ஐந்து பேராகச் சேர்ந்து அகதிகளை ஸ்பொன்சர் செய்யும் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்தியது. எங்களுக்கு மறைமாவட்டம் அரசோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதிலும் இடங்கள் எண்ணிக்கைதான். இதற்குப் பிறகும் ஏன் நம்பிக்கை என்று கேட்பீர்கள். போன குடும்பத்துத் தகப்பன் ஃபாதருக்குப் போன் எடுத்திருந்தார். வரப்போவோரும் அவருடைய பாஷைக்காரர். வங்கி, வைத்தியர், எதுவென்றாலும் போனில் தான் மொழிபெயர்ப்பேன் என்றாராம். உங்களையும் சுகம் விசாரித்தாராம்.

வரப்போகும் குடும்பத்தில் எட்டு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் பாதுகாப்பு இருக்கை வேண்டும், சாதாரணக் காருக்குள் அடங்காது. உங்கள் வான்தான் சரி. ஓட வரமாட்டீர்கள் என்றால், திறப்பை மட்டும் ஃபாதரிடம் கொடுத்துவிடுங்கோ.