யார் கணக்கில் எழுதுவது?

அன்பு அம்மிணிக்கு,

ஏப்ரலிலிருந்து உங்க பனியன் கம்பெனிக்கு டிபார்ட்மென்ட் வாரியாக பட்ஜெட் போடும் வேலையை உன்னிடம் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷச் செலவோடு பத்து சதவீதம் கூட்டிப் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. போன வருஷத்து வீண்செலவும் சேர்ந்தே வளரும். பீஸ் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது எது, மெஷின் ஓடாவிட்டாலும் நிற்பது எது என்று முதலில் பிரித்துக்கொள்.

பேக்கிங்கில் பாலிபேக், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் பீசுக்கு 4 ரூபாய் என்று வை. ஒரு லட்சம் பீசுக்கு 4 லட்சம் ஒதுக்கியிருக்கிறாய். மாதக் கடைசியில் 4,60,000 ஆகியிருக்கிறது. அறுபதாயிரம் அதிகம் என்று கத்துவதற்கு முன் எத்தனை பீஸ் போயிருக்கிறது என்று பார். 1,20,000 பீஸ் போயிருந்தால் 4,80,000 ஆகியிருக்க வேண்டும். அந்த சூப்பர்வைசர் இருபதாயிரம் மிச்சம் பிடித்திருக்கிறார்!

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. செலவு ஒரு டிபார்ட்மென்டில் பிறக்கும், இன்னொன்றில் போய் நிற்கும். உங்க தொழிலில் பெரிய செலவே துணிதான். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, அதாவது 180 ஜிஎஸ்எம், கேட்ட ஆர்டருக்கு 190 வந்தால், 1,000 கிலோவில் முடிய வேண்டியது ஏறக்குறைய 1,055 கிலோ தின்னும். ரிப்போர்ட்டில் கட்டிங் செக்‌ஷன் துணியைக் கூடுதலாகத் தின்றதாகத்தான் வரும். கட்டிங் மாஸ்டர் என்ன செய்வார்? துணி பின்னும் நிட்டிங்கிலோ, துணியை நெருக்கி எடையைச் சரிசெய்யும் காம்பாக்டிங்கிலோதான் கோளாறு. அப்படித்தான் பர்ச்சேஸில் மலிவாக வாங்கிய தையல் நூல் லைனில் அறுந்துகொண்டே இருக்கும். பர்ச்சேஸுக்குப் பாராட்டு, தையலுக்கு ஓவர்டைம் திட்டு.

இதில் கொடுமையானது ஏர் ஃப்ரெய்ட், விமானத்தில் சரக்கு அனுப்பும் செலவு. தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க வேண்டிய சரக்கு, சாயம் லேட்டாகி விமானத்தில் போகும். லாபமே அதில் போய்விடும். அதை ஷிப்பிங் கணக்கில் எழுதினால் அடுத்த மாதமும் அதேதான் நடக்கும். தாமதம் எங்கே பிறந்ததோ அந்த டிபார்ட்மென்ட் பெயரில் எழுது. சண்டை வரும், வரட்டும்.

கட்டட வாடகையையும் முதலாளி கார் டீசலையும் சதுர அடிக்குப் பிரித்து மாஸ்டர்கள் தலையில் கட்டாதே. பீஸ் விலை போடும்போது அந்தப் பங்கு வேண்டும். அவர்களைக் கேள்வி கேட்கும் தாளில் வேண்டாம். அவர் கையில் இல்லாத செலவுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

ஜிஎஸ்எம்மை மாதம் முடிந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை. துணி உள்ளே வரும்போதே எடை போட்டு ஆர்டர் வாரியாகக் குறிக்கச் சொல். வெட்டிய பிறகு அது கணக்கு மட்டும்தான்.

முதல் வரைவு முடிந்ததும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்பாதே, எக்செல்லாகவே அனுப்பு, ஃபார்முலாவைப் பார்க்கணும்.

அன்புடன்,
அப்பா